126, 124, 125, 127, 255: ஒரு கோடு தொடரும் ரோபோவின் குறிப்பேடு

போட்டியின் முதல் ஓட்டத்தில் எங்கள் ரோபோ 7.4 நொடி வரை அழகாக ஓடியது. அதன் பிறகு, நேராகச் செல்லும் கோட்டின் மேலே போய்க்கொண்டிருந்தபோதே திசை தெரியாமல் தளத்தின் ஓரத்துக்குப் போய் நின்றுவிட்டது. வளைவில் சறுக்கியிருந்தால் வேகம் அதிகம் என்று சொல்லியிருப்போம். நேர்கோட்டில் எப்படித் தவறும்? இந்தக் கேள்விக்கு எங்களுக்கு விடை கிடைத்தது, கிடைக்கும்படி ரோபோவை முன்பே கட்டியிருந்ததால்தான். அதை எழுதிவைக்கவே இந்தப் பதிவு. கதையை ஆறு வாரம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

நாங்கள் மூன்று பேர். உடற்பகுதியும் மோட்டாரும் என் பொறுப்பு. நிரல் எழுதுவது என் வகுப்புத் தோழி. எங்களுக்கு இரண்டு வகுப்பு இளையவன் ஒருவன் பற்றவைப்பு வேலையைப் பார்த்துக்கொண்டான். மூவரில் அவனுக்குத்தான் கை நடுங்காது.

போட்டி எளிமையானது. வெள்ளைத் தளம், அதன்மேல் 2 செ.மீ. அகலத்தில் வளைந்து செல்லும் கருங்கோடு. ரோபோ தானாகவே கோட்டைப் பார்த்து ஓட வேண்டும். தொடங்கிய பின் கை படக் கூடாது. நீளமும் அகலமும் 20 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அணிக்கு மூன்று ஓட்டங்கள், அவற்றில் சிறந்த நேரமே கணக்கு. விதித்தாளை மூவரும் தனித்தனியே படித்து, புரிந்ததை எழுதி ஒப்பிட்டுப் பார்த்தோம். இந்த வேலையை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. சுவர்களால் ஆன புதிர்ப்பாதையில் இயந்திர எலிகள் தாமாகவே வழி தேடி ஓடும் மைக்ரோமௌஸ் போட்டியின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. 1977-இல் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் இதழ் அறிவித்து, 1979-இல் நியூயார்க்கில் இறுதிச்சுற்று நடந்த அந்தப் போட்டியில், புதிர்ப்பாதையைப் பற்றி எதுவும் யோசிக்காமல் ஒரு பக்கச் சுவரை ஒட்டியே ஓடிய இயந்திர எலி, வழியைக் கற்றுக்கொள்ளும் எலிகளை வேகத்தில் முந்தியது. அடுத்து வந்த போட்டிகளில் இலக்கைப் புதிர்ப்பாதையின் நடுவுக்கு மாற்றினார்கள். சுவரை மட்டும் பின்பற்றுகிற எலி அங்கே போய்ச் சேர முடியாதபடி பாதையை அமைக்க அது வழிசெய்தது. விதி எதை அனுமதிக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் நல்ல ரோபோ எது என்பதே முடிவாகிறது.

மூளைக்கு ஆர்டுயினோ நானோ என்ற நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை. அதே குடும்பத்து ஊனோ பலகையைவிடச் சிறியது என்பது ஒரு காரணம். சென்சார் தரும் மின்னழுத்தத்தை எண்ணாகப் படிக்கும் அனலாக் முனைகள் எட்டு இருப்பது பெரிய காரணம். எங்களுக்கு எட்டு சென்சார்கள் வேண்டியிருந்தன, ஊனோவில் ஆறு முனைகள்தான்.

சென்சார் டி.சி.ஆர்.டி.5000 வகை. உள்ளே அகச்சிவப்பு ஒளியை உமிழும் எல்.இ.டி. ஒன்று, அந்த ஒளி தளத்தில் பட்டுத் திரும்புவதை உணரும் ஃபோட்டோடிரான்சிஸ்டர் ஒன்று. வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு பெரும்பகுதியை விழுங்கிவிடும். எங்கள் இணைப்பில் ஒளி அதிகமாகத் திரும்பினால் 0 முதல் 1023 வரையிலான அளவில் எண் குறையும். தளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் பொருத்துவது என்பதை ஊகித்து முடிவுசெய்ய மனம் வரவில்லை. பழைய அட்டைகளை அடுக்கி உயரத்தை மாற்றி மாற்றி அளந்தோம். 1 மி.மீ. உயரத்தில் வெள்ளைக்கு 205, கறுப்புக்கு 962. 3 மி.மீ.யில் வெள்ளை 48, கறுப்பு 871. 10 மி.மீ.யில் வெள்ளை 310, கறுப்பு 930. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான இடைவெளி 3 மி.மீ.யில்தான் அதிகம். மிக நெருங்கினால் உமிழ்ந்த ஒளி பக்கத்திலிருக்கும் உணர்வானுக்குத் திரும்பிவர இடமில்லை, விலகினால் சிதறிப்போகிறது. பிறகு தரவுத்தாளை எடுத்துப் பார்த்தோம்: உச்ச உணர்திறன் 2.5 மி.மீ. தூரத்தில் என்று போட்டிருந்தது. முதலிலேயே பார்த்திருக்கலாம்தான். ஆனால் அட்டைகளை அடுக்கி நாங்களே கண்டது எங்களுக்கு மனப்பாடமாகிவிட்டது.

எட்டு எண்களையும் நிறையிட்டுச் சராசரி எடுத்தால் கோடு எங்கே இருக்கிறது என்பது ஒரே எண்ணாகக் கிடைக்கும். ஒரு கோடியில் 0, மறு கோடியில் 7000, நடுவில் 3500. ரோபோ செய்ய வேண்டியதெல்லாம் அந்த எண்ணை 3500-இல் நிறுத்திவைப்பதுதான்.

இரண்டாம் வாரம் முழுவதையும் ஒரு கோளாறு விழுங்கியது. கூர்மையான வளைவுகளில் ரோபோ ஒரு கணம் செத்துப் பிழைத்தது. மோட்டார் நிற்கும், மறுபடி ஓடும். நிரலில் தவறு என்று நான் சொன்னேன். இணைப்பு விட்டிருக்கிறது என்று தோழி சொன்னாள். இளையவன்தான் கவனித்தான்.

“அண்ணா, நிற்கும்போதெல்லாம் அந்தச் சின்ன விளக்கு மூன்று முறை சிமிட்டுகிறது.”

ரோபோவை இயக்கியதும் விளக்கு மூன்று முறை சிமிட்ட வேண்டும் என்று தோழி முதல் நாளே நிரலில் எழுதியிருந்தாள். ஓட்டத்தின் நடுவில் அது சிமிட்டுகிறது என்றால், பலகை அணைந்து புதிதாகத் தொடங்குகிறது என்று பொருள். இரண்டு மணி நேர வாக்குவாதம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

காரணம் மின்சாரம். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரைத் திடீரென எதிர்த்திசைக்குத் திருப்பினால், அது நின்ற நிலையில் இழுப்பதைவிடவும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். நாங்கள் போட்டிருந்தவை ஆறு சாதாரண ஏஏ மின்கலங்கள். அந்த இழுப்பைத் தாங்காமல் மின்னழுத்தம் ஒரு கணம் சரிகிறது. பலகையில் உள்ள மைக்ரோகண்ட்ரோலர் சில்லு, தன் மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தன்னையே மறுதொடக்கம் செய்துகொள்ளும்படி அமைந்தது. மோட்டாருக்கும் மூளைக்கும் ஒரே மின்வழி என்பதால் மோட்டார் செய்த குற்றத்துக்கு மூளை தண்டனை அனுபவித்தது.

ஏஏ மின்கலங்களை எடுத்துவிட்டு 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி போட்டோம். பலகைக்குத் தனி மின்னழுத்தச் சீராக்கி. நிரல் சொல்வதற்கேற்ப மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் மோட்டார் இயக்கியின் முனையில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி. கையோடு கையாக இயக்கியையும் மாற்றினோம். முன்பு இருந்த எல்298என் பழைய வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது, ஓர் ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே தின்றுவிடும். அந்த வெப்பத்தைத் தணிக்கத்தான் அதன் முதுகில் அவ்வளவு பெரிய உலோகத் தகடு. புதிதாகப் போட்ட டிபி6612-இல் இழப்பு மிகக் குறைவு. ஆனால் இழப்பு குறைந்ததும் வேறொரு பொறுப்பு வந்தது: முழுதாக மின்னேற்றிய பேட்டரி 8.4 வோல்ட் தரும், எங்கள் மோட்டாரோ 6 வோல்ட்டுக்கானது. நிரலில் மோட்டாருக்குக் கொடுக்கும் எண்ணின் உச்சத்தை 255-க்குப் பதில் 180-இல் நிறுத்தினோம்.

இனி, நான் மிகவும் நேசித்த பகுதி. கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அந்த அளவுக்குத் திருப்பு என்று மட்டும் சொன்னால் ரோபோ ஊசல் மாதிரி ஆடும். வலப்பக்கம் விலகும், இடப்பக்கம் திரும்பும், கோட்டைத் தாண்டும், மறுபடி வலப்பக்கம். விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், கோட்டை நெருங்கும்போதே திருப்பத்தைத் தளர்த்தத் தெரிந்துவிடும். இவற்றோடு, இதுவரை சேர்ந்துவந்த விலகல்களின் கூட்டலையும் சேர்த்தால் அதுதான் பி.ஐ.டி. கட்டுப்பாடு. 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, கப்பல்களைத் தானாகத் திசைதிருப்புவது பற்றிய ஆய்வில் இதன் கணக்கை எழுதினார். தேர்ந்த மாலுமி சுக்கானைப் பிடிக்கும்போது இப்போதைய விலகலை மட்டும் பார்ப்பதில்லை. கப்பல் எவ்வளவு விரைவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்கிறார். நூறு ஆண்டுக்கு முந்தைய அந்தக் கணக்கு உள்ளங்கை அளவு வண்டிக்குள் ஓடுவதைப் பார்க்கையில் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. சேர்ந்துவந்த விலகலுக்கான எண்ணை நாங்கள் சுழியாகவே விட்டுவிட்டோம். வளைவு மாறிக்கொண்டே இருக்கும் பாதையில் அது எங்களுக்கு உதவவில்லை.

பி.ஐ.டி. எண்களைப் பொருத்தும்போது ஒரு விசித்திரம் நடந்தது. மடிக்கணினியின் கேபிளோடு மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ரோபோ சாதுவாக நடக்கும். எண்களை அச்சிடும் வரிகளை நிரலிலிருந்து எடுத்துவிட்டு, கேபிளையும் கழற்றி ஓட்டினால் ஆட்டம் போடும். அந்த வரிகளைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. இரண்டு மாலை இதிலேயே போயிற்று.

மடிக்கணினிக்கு நொடிக்கு 9600 பிட் வேகத்தில் எண்களை அனுப்பிக்கொண்டிருந்தோம். ஓர் எழுத்துக்கு 10 பிட், ஆக நொடிக்கு 960 எழுத்து. எட்டு சென்சார் எண்களும் இடைவெளிகளும் சேர்ந்து ஒரு வரிக்கு 40 எழுத்து. ஒரு வரி போய்ச் சேரவே 40 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. அச்சிடாவிட்டால் நிரலின் ஒரு சுற்றுக்கு, அதாவது சென்சார்களைப் படித்து மோட்டாரைத் திருத்தும் ஒரு முறைக்கு, ஒரு மில்லிநொடி சொச்சம்தான். விலகல் மாறும் வேகத்தை, போன சுற்றுக்கும் இந்தச் சுற்றுக்கும் உள்ள வித்தியாசமாகக் கணக்கிட்டிருந்தோம். சுற்று நீண்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும், சுருங்கினால் காணாமலே போகும். எங்கள் அளவுகோலே ரோபோவின் குணத்தை மாற்றிக்கொண்டிருந்தது. நோயாளியின் நாடியைப் பார்க்கிற கை, நாடியையும் அழுத்திப் பிடித்த கதை.

அன்றிரவு இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஒன்று, சுற்றின் நேரத்தை 5 மில்லிநொடி என்று கட்டிவைப்பது. வேலை முன்னதாக முடிந்தால் மீதி நேரம் காத்திருக்கட்டும். இரண்டு, ஓடும்போது எதையும் அச்சிடுவதில்லை. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 10 மில்லிநொடிக்கு ஒருமுறை, கோடு இருக்கும் இடத்தை நினைவகத்தில் எழுதிவைத்து, ஓட்டம் முடிந்த பின் படிப்பது.

நினைவகம் சிறியது, மொத்தமே 2048 பைட். 0 முதல் 7000 வரையிலான எண்ணுக்கு இரண்டு பைட் வேண்டும். தோழி ஒரு வழி சொன்னாள்: 28-ஆல் வகுத்துவிடு. 7000 என்பது 250 ஆகும், ஒரே பைட்டில் அடங்கும். நடுக்கோடு 125. 251 முதல் 255 வரை மிச்சம் இருக்கிறதே, கோடு கண்ணுக்கே தெரியாதபோது 255 என்று எழுதிவிடலாம். அந்த மிச்சம்தான் பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது.

முதல் முறை படிக்கப் போனபோது எல்லாம் சுழியாக இருந்தது. கேபிளைச் செருகி மடிக்கணினி தொடர்பைத் திறந்ததுமே நானோ மறுதொடக்கம் ஆகிவிடும், நிரல் தொடங்கும்போது அந்த இடத்தைத் துடைத்துவிடும். ஆகவே ரோபோ நின்றதும் எண்களை ஈ.ஈ.பிராமுக்கு, அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்துக்கு, நகலெடுக்கச் சொன்னோம். அதன் கொள்ளளவு 1024 பைட். ஒரு பைட் எழுத 3.3 மில்லிநொடி; 1000 எண்களுக்கு மூன்றரை நொடிகூட ஆகாது. 1000 எண்கள் என்றால் 10 நொடி ஓட்டம் முழுவதும் கையில் இருக்கும்.

அதன் பிறகு வேலை செய்யும் விதமே மாறியது. “கொஞ்சம் ஆடுகிறது”, “நேற்றைவிடப் பரவாயில்லை” என்ற பேச்சு நின்றது. வளைவில் வழுக்கி வெளியேறினால் எண்கள் 168, 193, 221, 247, 250, 255 என்று படிப்படியாக ஏறிப் போகும். வேகம் அதிகம் என்றால் ஏற்றம் செங்குத்தாக இருக்கும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பேட்டரியின் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் அளந்து பக்கத்தில் எழுதினோம், ஏனென்றால் 8.3 வோல்ட்டில் சரியாக இருந்த எண்கள் 7.5 வோல்ட்டில் மந்தமாகிவிட்டன. அளந்த மின்னழுத்தத்தை நிரலில் ஒரு வரியில் கொடுத்து, மோட்டாருக்கான எண்ணை அதற்கேற்பப் பெருக்கிக்கொண்டோம். சக்கரத்து ரப்பரில் தூசி படிந்தால் பிடிமானம் போய்விடும்; ஒட்டுநாடாவை உருட்டித் துடைத்தால் போதும்.

போட்டி நாள். காலையில் பயிற்சிக்கு விட்டபோது இரண்டு முறை ஓட்டினோம், இரண்டும் நன்றாக வந்தன. எங்கள் முறை வந்தது நண்பகலுக்குப் பிறகு. அப்போதுதான் நான் முதலில் சொன்னது நடந்தது. 7.4 நொடி, நேர்கோடு, வெளியேற்றம்.

ரோபோவைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வருவதற்குள் எங்களுக்குள் சண்டை தொடங்கிவிட்டது. காலையில் நான் வேகத்தைக் கூட்டியதுதான் காரணம் என்று தோழி சொன்னாள். அவள் கடைசி நேரத்தில் நிரலில் கை வைத்ததுதான் காரணம் என்று நான் சொன்னேன். இளையவன் ஒன்றும் பேசாமல் கேபிளைச் செருகினான். எண்கள் திரையில் ஓடின. 741-ஆம் எண்ணுக்கு அருகில் இப்படி இருந்தது:

126, 124, 125, 127, 255, 255, 255, 255

மூவரும் வாயடைத்துப் போனோம். ஏற்றம் இல்லை. சறுக்கல் இல்லை. ரோபோ கோட்டின் நட்டநடுவில் இருந்திருக்கிறது, அடுத்த 10 மில்லிநொடியில் கோடே இல்லை என்கிறது. கோடு விலகிப் போகவில்லை, மறைந்துவிட்டது. இது வேகமும் அல்ல, பி.ஐ.டி.யும் அல்ல. கண்ணுக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது.

எண்களில் தெரிந்த மேடுகளையும் பள்ளங்களையும் வளைவுகளாக எண்ணிக்கொண்டே தளத்தின் ஓரமாக நடந்தோம். இடம், வலம், வலம், நீண்ட நேர்கோடு. அங்கே தளத்தின்மேல் ஒரு முழ அகலத்தில் வெயில் கிடந்தது. கூடத்தின் உயரமான சன்னல் வழியே இறங்கிய வெயில். காலையில் அது வேறெங்கோ சுவரில் இருந்திருக்கும். சூரிய ஒளியில் அகச்சிவப்பு ஏராளம். அது சென்சாருக்குள் நுழைந்தால், திரும்பிவந்த ஒளி அதிகம் என்றே அது நினைக்கும். கருங்கோடும் வெள்ளையாகத் தெரியும்.

அடுத்த ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது. சென்சார்களைச் சுற்றி ஒரு பாவாடை கட்டிவிடுவது என்று முடிவுசெய்தோம். நடுவரிடம் ஓடினேன்.

“ஐயா, சென்சாரைச் சுற்றி ஒளிமறைப்பு ஒட்டிக்கொள்ளலாமா?”

“தளத்தைக் கீறக் கூடாது. நீளம் 20 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. ஒட்டியதும் என்னிடம் அளந்து காட்டிவிட்டுப் போங்கள் தம்பி.”

கையில் இருந்தது கறுப்பு பிளாஸ்டிக் தாள். அதைச் சென்சாருக்கும் சன்னலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தோம், எண் அசையவே இல்லை. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவது அகச்சிவப்புக்கும் கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. அந்தத் தாள் கண்ணாடி மாதிரி ஒளியை உள்ளே விட்டது. பாகங்கள் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பிடித்தோம், எண் உடனே ஏறியது. பழுப்பு நிற அட்டைதான் வேலை செய்தது. இளையவன் அதை விரல் அகலத்துக்கு வெட்டி, சென்சார் பலகையின் நான்கு பக்கமும் ஒட்டினான். தளத்துக்கும் அட்டைக்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. மொத்த நீளம் 19.4 செ.மீ. நடுவர் அளந்து தலையசைத்தார்.

இரண்டாம் ஓட்டம் 9.8 நொடியில் முடிந்தது. வெயில் பட்ட இடத்தை ரோபோ கடந்தபோது மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். மூன்றாம் ஓட்டத்தில் வேகத்தைக் கூட்டி, கடைசி வளைவில் சறுக்கினோம். எண்கள் படிப்படியாக ஏறித்தான் வெளியேறியிருந்தன, அதில் மர்மம் ஒன்றுமில்லை. நான்காம் இடம். அன்று மாலை தோழி என்னிடமும் நான் அவளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

அட்டைப் பாவாடை அவசரத்துக்குச் செய்தது. இப்போது இன்னொரு வழியும் சேர்த்திருக்கிறோம். எல்.இ.டி.களை ஒரு டிரான்சிஸ்டர் மூலம் அணைக்கவும் ஏற்றவும் முடிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கை அணைத்து ஒருமுறை, ஏற்றி ஒருமுறை படிக்கிறோம். இரண்டின் வித்தியாசம்தான் எங்கள் விளக்கிலிருந்து வந்தது, மற்றது வெளியிலிருந்து வந்தது. எட்டு சென்சாரை ஒருமுறை படிக்க ஏறத்தாழ 0.9 மில்லிநொடி, இரண்டு முறை படித்தாலும், விளக்கு நிலைபெறக் காத்திருந்தாலும் 5 மில்லிநொடிச் சுற்றுக்குள் அடங்கிவிடுகிறது. சுற்று நேரத்தை அன்றே கட்டிவைத்ததால் பி.ஐ.டி. எண்கள் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. ஆனால் நேர்வெயில் சென்சாரை முழுதாக நிரப்பிவிட்டால் கழிப்பதற்கு மிச்சமே இருக்காது. அதனால் பாவாடை அப்படியே இருக்கிறது.

நேற்று சன்னலோரம் தளத்தை விரித்து, வெயில் விழும் நேரம் பார்த்து ஓட்டினோம். 1000 எண்களில் ஒரு 255 கூட இல்லை. வேறொன்று கண்ணில் பட்டது. இடப்பக்க வளைவு முடிந்ததும் ரோபோ நடுக்கோட்டுக்குத் திரும்ப 9 எண்கள் போதும்; வலப்பக்க வளைவில் 14 ஆகிறது. ஆறு ஓட்டங்களிலும் அப்படியே. இளையவன் இடது மோட்டாரின் பல்சக்கரப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருக்கிறான்.